நான் வரையாமல் விட்ட ஓடை

என் அருமை மகளுக்கு,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற வாப்பா மாத்தளையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். கொழும்பில் குளிர் கிடையாது என்று தெரிந்தும் ஸ்வெட்டரை வைக்கச் சொல்லி உம்மா உனக்குக் கரைச்சல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் முன்னறையில், சர்வே பிளான் கீறுகிற மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பத்து அடி நடந்து வந்து உன்னிடம் நேரே சொல்லிவிடலாம். மூன்று நாளாக முயன்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உன் அறை வாசல் வரை வந்து, "பேனை இருக்கா மகள்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என்னிடம் இப்போது உன்னுடைய பேனைகள் மூன்று இருக்கின்றன. அதில் ஒன்றால்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பேங்கின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கக் கொழும்புக்குப் போகிறாய். நல்ல வேலைதான். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்பு வரை ஊரில் இருந்தே வக்கீல் தொழில் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நீ. "அந்த ஓடைக் கேஸ் எனக்குச் சரிவரல்ல வாப்பா, சீனியர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்" என்று ஒரு நாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் நம்பியதுபோலத் தலையாட்டினேன். கம்பனிக்காரர்கள் கோர்ட்டில் கொடுத்த தாள்களில் ஒரு காணி பிளான் இருந்தது. அதன் அடியில் என் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் நீ கேஸை விட்டாய். கோர்ட்டில் எழும்பி நின்று, இந்தப் பிளான் பிழை என்று சொந்த வாப்பாவைப் பற்றிச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. இது எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் நீ காட்டலாம். உன் சீனியர், அந்த ஊர்ச் சனங்கள், வேண்டுமானால் எதிர்த்தரப்பு வக்கீல் கூட வாசிக்கட்டும்.

மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே ஒருமுறை எழுதிவைக்கிறேன். இரத்தோட்டைக்கு மேலே, தேயிலை முடிந்து ஏலக்காய் தொடங்குகிற சரிவில் ஒரு ஓடை வருகிறது. பத்துப் பன்னிரண்டு அடி அகலம் இருந்தால் பெரிய காரியம். கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்கள் நாலும், அதற்கடுத்த சிங்கள ஊரும், அந்த ஊரின் வயல்களும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு கம்பனி மேலே காணி வாங்கி ஹோட்டல் கட்ட வந்தது. ஓடையைக் குழாய்க்குள் தள்ளி, மண் நிரப்பி, மேலே வாகனம் நிறுத்த இடம் கட்டுவது அவர்களுடைய எண்ணம். ஓடை என்றால் இரண்டு கரையிலும் ஒதுக்கம் விடவேண்டும், அதில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் பிளானில் அங்கே ஓடை இல்லை. மழைத் தண்ணீர் வடிகிற கான் என்று ஒரு புள்ளிக்கோடு மட்டும் இருக்கிறது. கானை மூட யாரையும் கேட்கத் தேவையில்லை என்பது கம்பனியின் வாதம். அந்தப் புள்ளிக்கோட்டைப் போட்டவன் நான்.

நீ கேஸை எடுத்த புதிதில் இரவுச் சாப்பாட்டில் வேறு பேச்சே இல்லாமல் இருந்தது. சுற்றாடல் சட்டம் என்ன சொல்கிறது, எந்த வேலைக்கு முன் அனுமதி எடுக்கவேண்டும், ஊர்ச் சனத்தின் கருத்தை எத்தனை நாள் கேட்கவேண்டும் என்றெல்லாம் கறிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே விளக்குவாய். ஒரு நாள் சொன்னாய்: "இன்னும் பொறக்காதவங்களுக்கும் அந்தத் தண்ணியில உரிமை இருக்கு வாப்பா. அரசாங்கம் அதுக்குச் சொந்தக்காரன் இல்ல, பொறுப்பாளி மட்டும்தான்." நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப பொறக்காதவங்க ஒனக்கு எப்படி மகள் ப்ரொக்சி எழுதித் தந்தாங்க?" என்று கேட்டேன். கட்சிக்காரர் கையெழுத்துப் போட்ட ப்ரொக்சி இல்லாமல் எந்த வக்கீலும் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது என்பது எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்கிற ஆசை. நீ ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை. "பல்லேபொலப் புள்ள ஒங்களுக்கு என்ன எழுதித் தந்திச்சு? அதுக்குக் கல் நட்டீங்கதானே" என்றாய். உம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

பல்லேபொலக் கதையை நான்தான் இந்த வீட்டில் நூறு தரம் சொல்லியிருக்கிறேன், அதனால் என் தலையிலேயே அது வந்து விடிந்தது. அங்கே மிளகுத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் திடீரென்று மவுத்தாகிவிட்டார். அப்போது அவருடைய மனைவி நாலு மாதக் கர்ப்பம். முதல் மனைவியின் பிள்ளைகள் வளர்ந்தவர்கள், காணியைப் பிரித்துக்கொள்ள அவசரப்பட்டார்கள். பள்ளிவாசலில் வைத்துப் பேசியபோது, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு ஒதுக்காமல் பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாததால் ஆண்பிள்ளையின் பெரிய பங்கையே ஒதுக்கி வைப்பதுதான் முறை. நான் போய் அளந்தேன். "இன்னும் பொறக்காத புள்ளைக்கு ரோட்டோரத்துத் துண்டா?" என்று மூத்தவர் முகத்தைச் சுளித்தார். "பொறந்து வந்து கேட்டா நீங்க குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு எல்லைக் கல்லை நட்டேன். பெண் பிறந்தது. பிறகு போய்க் கல்லை அவளுடைய பங்குக்கு ஏற்ப நகர்த்தினேன். இப்போது அவள் அந்தத் துண்டில் வீடு கட்டி இருக்கிறாள், வாசலில் கடையும் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் போனால் எனக்குப் பிளேன் டீ தராமல் விடமாட்டாள். பிறக்காதவர்களுக்காகக் காத்து வைக்கிற இந்தப் பொறுப்புக்குக் கோர்ட்டுகள் பொது நம்பிக்கை என்று பெரிய பெயர் வைத்திருப்பதாகச் சொன்னாய். நம் ஆட்கள் அமானிதம் என்பார்கள். கையில் இருப்பது நம்முடையது இல்லை, உரியவர் வரும்வரை வைத்திருக்கிறோம். விளங்காத விஷயம் இல்லை, எனக்கு நன்றாகவே விளங்கியது.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த ப்ரொக்சிப் பகிடியே நான் பேச்சை மாற்ற விட்ட பகிடி. இரத்தோட்டைக்கு மேலே ஓடை, பழைய ஏலக்காய்க் காணி என்று நீ சொன்ன முதல் நாளே அது எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பனி புதிதாக வேறு சர்வேயரை வைத்து அளந்திருக்கும், என் பிளான் வெளியே வராது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நீ ஒவ்வொரு நாளும் அந்த ஓடையைப் பற்றிப் பேசினாய், நான் எதிரே இருந்து சாப்பிட்டேன். பிளானைக் கீறிய பிழையை விட அந்தச் சாப்பாடுகள்தான் எனக்கு இப்போது அதிகம் வெட்கமாக இருக்கின்றன.

அது நடந்தது நீ இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். நோன்பு மாதம் சரியான வெயிலில் வந்திருந்தது. மழை பெய்து இரண்டு மாதம் இருக்கும். காணிக்காரர் விற்கப் போகிறார், பெருநாளைக்கு முன் பிளான் வேண்டும் என்றார். காலையிலிருந்து கருவியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினேன். பகல் ஆனபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சாதிக்காய் மரத்தடியில் உட்கார்ந்தேன். கீழ்ப் பக்கம் செங்குத்தான இறக்கம், பற்றைக்காடு. காணியைக் காவல் காத்த ஆள், "அந்தப் பக்கம் கான் ஒண்ணுதாங்க சேர் இருக்கு, மழைக்கு மட்டும்தான் ஓடும்" என்றார். எனக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, மகள். நோன்பு பிடித்துக்கொண்டு வெயிலில் இருப்பவனுக்கு அந்தச் சத்தம் கேட்காமல் போகுமா? இரண்டு மாதம் மழை இல்லாத காட்டில் தண்ணீர் ஓடினால் அது கான் இல்லை என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இறங்கினால் திரும்பி ஏறவேண்டும், ஏறினால் தொண்டை இன்னும் காயும். பிறகு ஒரு நாள் வந்து பார்க்கலாம் என்று எழும்பிவிட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை. காணிக்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார், நான் புள்ளிக்கோடு போட்டுக் கையெழுத்து வைத்தேன். நோன்பின் மேல் பழியைப் போட எனக்கு உரிமை இல்லை. நோன்பு என்னிடம் பொய் எழுதச் சொல்லவில்லை.

இவ்வளவு காலமும் இதை நான் பிழை என்று எண்ணாததற்குக் காரணம், அதற்காக நான் யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. லஞ்சம் வாங்காத சர்வேயர் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரைத் தலையணையாக வைத்துச் சுகமாகத் தூங்கினேன். நீ தொழில் செய்யப் போகிறவள், அதனால் சொல்கிறேன். கெட்டவர்கள் செய்கிற அநியாயத்தைக் கண்டுபிடிக்கச் சட்டத்தில் ஏதோ வழி இருக்கிறது. நல்லவன் என்று பெயர் எடுத்தவன் களைப்பில், அவசரத்தில், யாருக்கும் நட்டமில்லை என்று எண்ணிக்கொண்டு போடுகிற கையெழுத்தைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நட்டப்படப் போகிறவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் என் கை கூசியிருக்கும். பல்லேபொலயில் ஒரு தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார், அதனால் கல் சரியான இடத்தில் விழுந்தது. ஓடைக்கரையில் அப்படி ஒருவரும் நிற்கவில்லை. ஆள் இல்லாத இடத்தில் எழுதும்போது ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார், மகள்.

போன மாதம், நீ வெளியே போயிருந்த நேரம், செல்வமேரி என்று ஒரு பெண் நான் கந்தோராக வைத்திருக்கிற இந்த முன்னறைக்கு வந்தார். உனக்குத் தெரிந்தவர்தான், உன் கட்சிக்காரர். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், லயத்துச் சனங்களுக்காகக் கேஸில் முன்னால் நிற்பவர். நான் உன் வாப்பா என்று அவருக்குத் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து போட்டோப் பிரதியை எடுத்து என் மேசையில் விரித்தார். என் பிளானை எனக்கே காட்டினார். அதில் ஆங்கிலத்தில் இருந்த பெயரை அவரால் வாசிக்க முடியவில்லை. "இத கீறுனவரு எங்க ஓடைய வந்து பாக்கவே இல்ல போலங்க. டவுன்ல விசாரிச்சோம், நீங்கதான் நேர்மையான ஆளுன்னாங்க. நீங்க வந்து அளந்து குடுக்கணும்" என்றார். அவரே தொடர்ந்து சொன்னார்: "இந்தப் பேப்பர பாத்த அன்னைக்கே எங்க மிஸ்ஸுக்கு மொகம் மாறிருச்சுங்க. மறுவாரம் கேஸ விட்டுட்டாங்க. அவங்கள மாதிரி யாருங்க எங்க வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்து கதைச்சாங்க?" அப்போதுதான் நீ எதைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்குள் நடமாடுகிறாய் என்று எனக்கு விளங்கியது. வந்து பார்க்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

அவர் போனதும் அலுமாரியைத் திறந்து அந்த வருடத்துக் கள அளவைப் புத்தகத்தைத் தேடினேன். காணியில் நின்று எழுதுகிற புத்தகம் அது. அதில் எழுதியதை அழிக்கக்கூடாது, பிழை என்றால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் எழுதவேண்டும். நான் படித்த நாளிலிருந்து மீறாத பழக்கம். அந்த நாளுக்குரிய பக்கத்தில் என் கையெழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: 'இடப் பக்கம் கீழே தண்ணீர்ச் சத்தம். இறங்கிப் பார்க்கவேண்டும்.' தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட வழி இல்லாமல் என் புத்தகமே என்னைக் காட்டிக்கொடுத்தது. உண்மையைச் சொல்கிறேன், இந்தப் புத்தகம் ஒன்று இருப்பது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வந்தது. குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புத்தகத்தோடு அங்கே போய் நின்றேன். உம்மா புத்தகத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நீ அவளிடம் அழுதிருக்கிறாய். "அந்தப் புள்ள ஒங்கட மானத்தக் காப்பாத்தத்தான் ஊர விட்டுப் போகுது. நீங்க எதக் காப்பாத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, பருப்பைக் கிளறப் போய்விட்டாள். நான் புத்தகத்தைத் திரும்பக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

மறுநாள் இரத்தோட்டை பஸ்ஸில் ஏறிப் போனேன். தம்புள்ளையில் ஒரு காணி பார்க்கப் போவதாக உன்னிடம் சொன்னது பொய், மன்னித்துக்கொள். செல்வமேரி கத்தியால் பற்றையை வெட்டி வழி விட, என் முழங்காலைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். இவ்வளவு காலம் கழித்து இறங்கினேன். இப்போதும் மழை இல்லாத காலம்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து முகம் கழுவினேன், கை விறைத்துவிட்டது. கரையில் நின்றபடியே செல்வமேரியிடம் சொன்னேன், அந்தப் பிளானைக் கீறியவன் நான், மிஸ் என் மகள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் குனிந்து கத்தியைத் தண்ணீரில் அலசினார். பிறகு, "சரிங்க. இப்பவாச்சும் எறங்கி வந்தீங்களே. கண்டத எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன். மேலே மண் வெட்டுகிற மெஷின் நிற்கிறது, ஆனால் சும்மா நிற்கிறது. நீ வாங்கிய இடைக்காலத் தடை அதை ஒரு அடி கூட நகரவிடவில்லை. நீ வேலை செய்த இடத்தைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊர்ச் சனங்கள் இரண்டு இனத்தாரும் சேர்ந்து கரையில் கும்புக் என்கிற மருத மரக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். கன்று வளர்ந்து நிழல் தருகிறபோது செல்வமேரி இருக்கமாட்டார், நானும் இருக்கமாட்டேன். அதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை, எந்தக் கன்று பிடித்திருக்கிறது, எது வாடுகிறது என்றுதான் காட்டிக்கொண்டு வந்தார்.

உன் சீனியரிடம் போனேன். நான் பார்த்ததையும், அன்று பார்க்காமல் விட்டதையும், கேட்ட சத்தத்தையும் எழுதிச் சத்தியக் கடதாசி முடித்து, கள அளவைப் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். என்னை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுகிற மனிதர், கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நானா, நல்லா யோசிச்சீங்களா? லைசன் போகலாம். நீங்க கீறின மத்த பிளானையெல்லாம் கிண்டுவாங்க" என்றார். கிண்டட்டும் என்றேன். என் கண்ணில் வெள்ளை படர்ந்துகொண்டு வருவது உனக்குத் தெரியும், வருகிற வருடம் லைசனைத் திருப்பிக் கொடுக்கத்தான் இருந்தேன். அதுவரை பொறுத்துவிட்டு, இழக்க ஒன்றும் இல்லாதபோது உண்மையைச் சொல்லலாமே என்றும் மனம் கணக்குப் போட்டது. கேஸ் அடுத்த மாதம் எடுக்கிறார்கள், ஓடை என் ஓய்வுக்காகக் காத்திருக்காது. புதைத்துவிட்டால் அதற்குப் பிறகு நான் சொல்கிற உண்மை யாருக்கு? பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பல மாதத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிடுகிறேன், உம்மாவிடம் கேட்டுப் பார்.

உன்னைப் போகவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த பேங்க் வேலை உனக்குப் பிடித்திருந்தால் போ, உம்மா தருகிற ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு போ. ஆனால் எனக்காகப் போகாதே. பெற்றவர்கள் செய்த பிழையைப் பிள்ளைகள் மூடி மறைத்துக்கொண்டு வாழவேண்டும் என்பது நியாயம் இல்லை. நாங்கள் குடித்துவிட்டுக் கலக்கிய தண்ணீரை நீங்கள் குடிக்கவேண்டும் என்பதும் அதே அநியாயம்தான். நீ உன் சட்டப் புத்தகத்தில் படித்ததை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். பிழை இருந்தால் சொல்.

இன்னும் ஒன்று. நீ கேஸில் திரும்ப நிற்கலாம், அதில் தடையில்லை என்று உன் சீனியர் சொன்னார். என்னை விசாரிப்பதை மட்டும் அவரே பார்த்துக்கொள்வாராம். நான் சாட்சிக்கூண்டில் ஏறும்போது எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார் என்று உனக்கே தெரியும். பிளானை ஒரு கையிலும் சத்தியக் கடதாசியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்றைக்குப் பொய் சொன்னீங்களா, இன்றைக்குப் பொய் சொல்றீங்களா?" என்று கேட்பார். ஆள் நிறைந்த கோர்ட்டில், எனக்குத் தெரிந்த முகங்களுக்கு முன்னால் கேட்பார். நான் "அன்றைக்கு" என்று சொல்வேன். அப்போது உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் குரல் உடையலாம், அதனால் உன் பக்கம் பார்க்கமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீயும் எனக்காக எழும்பி ஆட்சேபிக்காதே. அந்தப் பதில் முழுதாகப் பதிவாகட்டும். பதிவான பிறகு எழும்பி, ஓடையைப் பற்றிப் பேசு.

உன் வாப்பா